பிஜிலி உட்காரும் இடம்

அந்தமான் எக்ஸ்பிரஸின் கார்டு பெட்டியிலிருந்து
கம்பிக் கூண்டோடு இறக்கினார்கள் அவளை.
கூடவே ஒரு தோல் வார், ஒரு நைந்த பந்து,
முத்திரை குத்திய காகிதம்:
பணி எண், ஓய்வு நாள்,
லாப்ரடார், பெட்டை, வயது ஒன்பது.
பெயர் பிஜிலி.

இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் ஓய்வு.
என் புருஷனுக்குப் பென்ஷன்.
அவளுக்கு அந்தப் பந்து.

எங்கள் தெரு சிரித்தது.
கட்டுக் கட்டாய் விற்பார்களே, சின்ன வெடி, அந்தப் பிஜிலியா?
"மின்னல்னு அர்த்தம்" என்றார் எத்திராஜ்.
யார் கேட்டார்கள்.

எட்டு வருஷம் அவரோடு இருந்தவள்.
லீவுகளைக் கூட்டினால்
அதே எட்டு வருஷத்தில் எனக்கு வந்தது பதினாறு மாசம்.
போனில் வந்த படங்களில்
பனியும் அவளும், ஜீப்பும் அவளும்,
ஒருமுறை அவள் காதோரம் அவருடைய பாதி முகம்.
பொய் சொல்ல மாட்டேன், பொறாமைதான்.

கொருக்குப்பேட்டை அவளுக்குப் பிடிபட ஒரு வாரம்.
கேட் போட்டால் கூட்ஸ் வண்டி முடியும்வரை நிற்க வேண்டும்.
காசிமேட்டுக் காற்று திரும்பினால் மூக்குக்குக் கதவு கிடையாது.
எண்ணூர்ப் பக்கமிருந்து வருவதற்குப் பெயரே கிடையாது.
தெரு நாய்கள் சுற்றி நின்று விசாரித்தன.
அவள் பதில் சொல்லவில்லை.
"பைட்" என்றால்தான் உட்காருவாள்.
"உக்காருடி" என்றால் என்னையே பார்ப்பாள்,
நான்தான் வெளியூர் என்பதுபோல.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்க
லூர்துசாமி மளிகை முன்னால்
யாரும் சொல்லாமல் உட்கார்ந்தாள்.
குரைப்பில்லை. பின்னங்கால் மடக்கி, நிமிர்ந்து,
எத்திராஜின் முகத்தைப் பார்த்தாள்.
"இருக்குன்னு சொல்றா."
"இன்னா இருக்குது?" என்ற லூர்துசாமி நெளிந்தார்.
அரிசி மூட்டைக்குப் பின்னால்
லைசென்ஸ் இல்லாத ரெண்டு பெட்டி.

அப்புறம் பதினேழாம் நம்பர் மாடிப்படி.
பரணில் மத்தாப்பு வைத்திருந்த டீச்சர் வீடு.
போன வருஷத்துப் புஸ்வாணம் ஒன்று நமுத்துக் கிடந்த
எங்கள் பீரோ.
உட்கார்ந்த இடத்திலெல்லாம்
அவர் பந்தை எடுத்துக் கொடுத்தார்.
பட்டாசுதானே, விடேன் என்றேன்.
"எட்டு வருஷம் அவ பொய் சொன்னதில்ல.
பந்து குடுக்கலன்னா, நான் சொன்ன மாதிரி."

பிறகு பீரோவில் சாய்ந்துகொண்டு, நான் கேட்காமலே:
ஒரு பாலம். விடியாத நேரம்.
பின்னால் மூன்று லாரி நிறையப் பையன்கள், ஒருத்தன் பாடிக்கொண்டு.
நடுப்பாலத்தில் இவள் உட்கார்ந்தாள்.
அவ்வளவுதான் கதை.
அந்தப் பையன்களுக்கு இப்போது
பிள்ளைகள் இருக்கும், ஸ்கூல் ஃபீஸ் இருக்கும்,
தொப்பை விழுந்திருக்கும்.
இவள் பெயர் ஞாபகம் இருக்காது.

வேறொரு நாளும் இருந்தது, உட்கார நேரம் கிடைக்காத ஒன்று.
அதை அவர் சொல்லவில்லை.
அவருடைய இடது காதுப் பக்கம் நான் பேசுவதை விட்டு
ரெண்டு வருஷம்.

தீபாவளி. நாலு மணிக்கே தெரு எழுந்துகொண்டது.
எங்கள் வாசலில் பற்றிய சரம்
ரயில்வே கேட் வரை கிழிந்துகொண்டு போனது.
அவள் காதைக்கூட அசைக்கவில்லை.
அவர்தான்,
எண்ணெய் வைத்த தலையோடு
குளியலறைச் சுவரில் முதுகை ஒட்டி,
கண் வேறெங்கோ.

பிஜிலி எழுந்தாள்.
வேலை நேரத்து நடை, மூக்கு தரையோடு.
முழங்கால், முழங்கை, நெஞ்சு, இடது காதோரம்.
முகர்ந்தாள். திரும்ப ஒருமுறை முகர்ந்தாள்.
பின்னங்கால் மடக்கி
அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

வெளியே யாரோ ஒரு கட்டைப் பிரித்து
பிஜிலிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.
பந்து சமையல் மேடையில் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.