இரண்டு இடப்பக்கங்கள்

சுல்தான்பேட்டையில் கல்யாண அட்டை அடிக்கும் கடை.
பிள்ளையார், கலசம், ஜோடி மயில்களுக்கு நடுவே
என் இழுவைக் கப்பலையும்
தாள் தாளாய்த் துப்பியது இயந்திரம்.
நூற்று அறுபது கிராம் அட்டை, ஐந்து தாள்,
தொண்ணூறு ரூபாய்.
சுருட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்குள்
மஞ்சப்பா சுருட்டி ரப்பர் போட்டுவிட்டார்.
அவர் எண்ணவில்லை.
நானும் எண்ணவில்லை.

ஹலசூரில் என் மேசை
கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே,
அதற்கும் மேல் இரண்டு மாடி.
இங்கே எதுக்குடி கப்பல் என்றாள் ஜெசிந்தா,
வாடகையில் பாதி தருகிறவள்.
வாய் திறந்தால் மூச்சு வரும்,
மூச்சு பட்டால் நாற்பத்தேழாம் எண் பறந்துவிடும்.
எள்ளைவிடச் சற்றுப் பெரிய கப்பி அது.
பேசாமலிருந்தேன்.

மொட்டை ஊசியால் கோடு நெடுகக் கீற வேண்டும்,
வெட்டிவிடக் கூடாது,
மடிய வழி சொன்னால் போதும்.
வெட்டிய ஓரம் வெள்ளையாய் இளிக்கும்,
அதற்குக் கறுப்புப் பென்சில்.
பாய்மரமில்லாத இவளுக்குக் கொடிமரம் ஊதுபத்திக் குச்சி.
புகைபோக்கியைச் சுற்றியது
என் மெழுகுக்கத்தியின் பிடியில்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
கமர்ஷியல் ஸ்ட்ரீட் பின்சந்தில் ஜன்னலில்லாத லேப்.
யாரோ இழந்த வலது கோரைப்பல்லை
மிஞ்சிய இடதைப் பார்த்துத்
திருப்பிச் செதுக்குவது என் பிழைப்பு.
எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?
பதினோராம் இரவு,
எலும்புக்கூட்டின் இடப்பக்கத்தில் தோலை ஒட்டிவிட்டு
வலத்தை எடுத்தால்
அதுவும் இடம்.
மூன்றாம் தாள் இரண்டு. நான்காம் தாள் இல்லை.

கோப்பு திறக்கவில்லை, என்றார் மஞ்சப்பா,
அதே மாதிரி இருந்ததை இன்னொன்று போட்டேன்.
தப்பு செய்தவர் குரல் அல்ல அது,
உதவி செய்தவர் குரல்.
'ஒந்து நிமிஷ மேடம், கன்னடி மாடித்ரெ ஆய்த்து.'
கண்ணாடி என்றுதான் என் காதில் விழுந்தது.
திரையில் கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
இருவருக்கும் திருப்தி.
பத்து ரூபாய் வாங்க மறுத்துவிட்டார்.

ஒட்டிக் காய்ந்த பிறகே பெயரைப் பார்த்தேன்.
இடப்பக்கம் ஆங்கிலத்தில் பிர்கிட்டா.
வலப்பக்கம் அட்டிக்ரிப்.
முதல் நான்கு எழுத்துகள் யோக்கியமாய் நேரே நிற்கின்றன,
அப்புறம்தான் ஒவ்வொன்றாய்
முதுகு காட்டுகின்றன.
சமையலறைக் கதவு இருக்க வேண்டிய இடத்தில்
மறுபடி அதே மூன்று வட்ட ஜன்னல்.
இந்தக் கப்பலில் இனி யாரும் சாப்பிட முடியாது.

இரண்டு பக்கமும் அச்சாய் ஒத்தால்
பொய்ப்பல் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்,
ஒரு மயிரிழை பிசகு வை, என்பார் டாக்டர் தேவையா.
வைப்பேன். கூலியில் அதுவும் சேர்த்தி.
இந்தப் பிசகை நான் வைக்கவில்லை.
பிரித்தால் கிழியும்.

நீர்க்கோட்டுக்குக் கீழே இவளுக்கு உடம்பு கிடையாது,
வரைபடமே அங்கே முடிகிறது.
சுக்கானும் சுழலியும்
சன்மைக்காவுக்கு அடியில் இருப்பதாக
நம்பிக்கொள்ள வேண்டும்.
மழைநாளில் மேல்தளம் லேசாய் உப்புகிறது,
இரண்டு மாடிக்குக் கீழே தெருவில்
ஸ்கூட்டர்கள் முழங்கால் தண்ணீரில் அணைகின்றன.

நேற்று லேபிலிருந்து ஒரு வாய்க்கண்ணாடி கொண்டுவந்தேன்,
விளிம்பு கீறியது, தள்ளிவிட்டது.
வலப்பக்கம் காட்டினால்
பிர்கிட்டா,
சுண்டுவிரல் நகத்தளவு, நடுவே ஒரு கீறலோடு.
கொடு, என்று வாங்கினாள் ஜெசிந்தா.
கப்பலைப் பார்த்தாள்.
பிறகு அதே கண்ணாடியைத் தன் கடைவாய்க்குள் விட்டு
'இங்க ஒரு ஓட்டை இருக்கு, பாரேன்' என்றாள்.

கப்பலை ஓரமாய் நகர்த்திவிட்டு
விளக்கை அவள் பக்கம் திருப்பினேன்.