ணகரம், ஆறு மில்லிமீற்றர்

இன்னும் ஏழு நாள் என்கிறது மென்பொருள்.
இலவசமாய்த் தந்த முப்பதில் இருபத்து மூன்றைக்
கரண்ட் வெட்டும், காய்ச்சலும், மகனின் ஒன்லைன் வகுப்பும்
பங்குபோட்டுத் தின்றன.
வாங்கு, இல்லையேல் வெளியேறு என்று ஒரு சிவப்புப் பெட்டி
திரைக்கு நடுவில் வந்து நிற்கிறது,
பஸ் நிலையத்தடியில் மான் வந்து நிற்கிற மாதிரி.
ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

விலை டொலரில்.
பெருக்கினேன்.
மெஷினுக்கே இன்னும் பதினான்கு மாத லீசிங்.
அழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன்,
விடை வெட்கப்பட்டுக் கொஞ்சம் குறையுமென்று.

என்.சி. வீதிக் கடையில் புவிதரன் சொன்னான்:
"காசு ஏன் அக்கா? உடைச்சது இருக்கு,
ஆயிரத்து ஐந்நூறு, பென்டிரைவும் சேர்த்து."
உடைத்ததைப் போட்ட றிஸ்மியாவின் கணினி
கிண்ணியாவில், கல்யாண அபாயா ஒன்றின்
ஒரு கை முடிந்த இடத்தில் கண்ணை மூடியது.
மறு கையை அவள் இரண்டு இரவு ஊசியால் தைத்தாள்.
கையும் கையும் ஒத்துவரவில்லை என்பதை
மாப்பிள்ளையின் தாய் மட்டும் கண்டுபிடித்தாளாம்.

படத்தைக் கொடு, தையல் தானாய் வரும் என்ற
விலை கூடியதிடம்
திருக்கடலூர்ச் சங்கத்தின் சின்னத்தைக் கொடுத்தேன்.
அறுபது ரீசேர்ட். ஒரு படகு, கீழே மூன்று அலை.
படகைச் சப்பாத்தாக்கி
அலைகளை அதற்குக் கயிறாகக் கட்டிவிட்டது.
இருபதாயிரம் குத்து. நெஞ்சு பலகையாய் விறைத்தது.
தலைவர் அமிர்தநேசன் தடவிப் பார்த்தார்.
"பிள்ளை, இது கரையில நிக்கும்.
கடலுக்குப் போகாது."

துணி இழுக்கும்.
அதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.
வட்டம் வரைந்தால் முட்டை தைக்கும்.
வட்டம் வேண்டுமென்றால் முட்டை வரையவேண்டும்,
மற்றப் பக்கம் நீண்ட முட்டை.
இந்தக் கள்ளத்தை என் கையால் செய்ய விடுவாயா?
இப்போதெல்லாம் எந்த மென்பொருளிடமும்
முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

பிறகு எழுத்து.
ஒவ்வொன்றிலும் இருநூறு முந்நூறு ஆங்கில வடிவம்,
தொப்பி போட்டவை, பூப் பூத்தவை,
எங்கள் ஊர் காணாத பனி படிந்தவை.
தமிழ் இல்லை.
இருக்கிறது என்ற ஒன்றில்
கோணமலையின் கொம்பு ககரத்தை விட்டுக் கழன்று
தனியே போய் நின்றது, கூட்டத்தில் தவறிய பிள்ளையாய்.

ஆகவே ஒவ்வொன்றாய் நானே போடவேண்டும்.
ணகரத்துக்கு மூன்று சுழி.
ஆறு மில்லிமீற்றரில் மூன்றும் அடைத்துக் கடுகாகிவிடும்,
நெஞ்சில் இருப்பது ஊரா கறையா என்று
நின்று பார்க்கவேண்டி வரும்.

நேற்றிரவு, மூன்றாவதில்.
தானாக ஒன்றும் செய்யாத, அழகில்லாத,
குத்துக் குத்தாய் வைக்க விடுகிற மூன்றாவதில்
சுழிக்குள் ஒரு நூலகலம் வெளி விட்டேன்.
அடித்தையலைக் குறைத்தேன்.
பழைய தலையணை உறையில் ஓடவிட்டேன்.
மூன்றாம் சுழியில் கரண்ட் போனது.
ஊசி துணிக்குள்ளேயே நின்றது.

இருட்டில் விரலால் தடவினேன்.
ஒன்று.
இரண்டு.
அடைக்கவில்லை.

றிஸ்மியாவுக்கு எழுதினேன்: பாதிப் பாதி போடுவமா?
இரண்டு கணினிக்கு ஒரு உரிமம் விடுவாங்களா,
அதைக் கேள் முதல்ல, என்றாள்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இன்னொன்று வந்தது:
"நீ ண, ழ எல்லாம் போடு.
ஜ, ஷ, ஹ நான் பார்த்துக்கொள்றன்.
எங்கட பேருகளுக்கு அதுதானே கூட வேணும்."