பதினாறில் சுழலும் மலையணில்

ஓல்டன் புரோக்கியில் இரண்டு பிராங்.
கஜீபன் அடம்பிடித்து வாங்கியது.
அட்டையில் மஞ்சள் தபால் பேருந்து,
சன்னலில் மூன்று மலையணில்கள்.
ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி, ஒன்றுக்கு மீசை,
ஒன்று எந்நேரமும் நித்திரை.

எழுபதுகளில் சனி மாலைகளில்
தொலைக்காட்சியில் வந்த பகிடிப் படமாம்.
கல்லாவில் நின்ற திருமதி ஹுன்ட்ஸிகர்
விலைச்சீட்டைப் பிய்க்காமல் முதல் வரியைப் பாடினார்,
பாடிவிட்டு யாரும் பார்த்தார்களா என்று பார்த்தார்.

படம் நின்றாலும் மலையணில்களை
விற்றுத் தீர்க்கவேண்டுமே.
பல்துலக்கி வந்தது, சூப்புக் கோப்பை வந்தது,
ஒன்றும் அகப்படாத வருடம் பாட வைத்தார்கள்.

பன்னிரண்டு பாட்டு.
பாலாடைக்கட்டிச் சட்டிக்குள் கண்ணாடி விழுந்தது ஒன்று,
ஒரு நிமிடம் பிந்திய பேருந்துக்காக
ஊரே அழுதது ஒன்று,
நத்தாருக்கு இரண்டு.
மெட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.
அக்கோர்டியனுக்கு மட்டும் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

கீச்சுக் கீச்சென்ற அந்தக் குரல்களில்
மூன்று நாள் வீடு கிடந்தது.
நாலாம் நாள் பெடியன்
தட்டுச் சுழற்றியின் பக்கத்தில் ஒரு திருகியைக் கண்டான்:
பதினாறு, முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு.
பதினாறுக்குத் திருப்பினான்.

அக்கோர்டியன் மாடாகிக் கத்தியது.
மத்தளம் படியிறங்கி வந்தது.
மலையணிலின் தோலைக் கழற்றிவிட்டு
ஒரு மனிதன் வெளியே வந்தான்.

ஐம்பது வயதிருக்கலாம். தடிமன் பிடித்த மூக்கு.
சட்டிக்குள் விழுந்த கண்ணாடியைப் பற்றி
இழவு வீட்டில் நிற்பவன்போல்
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.
வேகத்தில் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று
அப்படிப் பாடச் சொல்லியிருப்பார்கள்.
மீசைக்கும் அவன், கண்ணாடிக்கும் அவன்.
தூங்குகிறவனின் குறட்டைகூட
அவன் இழுத்த மூச்சுத்தான்.

அட்டையின் பின்னால், விலைப்பட்டைக்குக் கீழே,
எறும்பு எழுத்தில்:
மூன்று குரலும், ஊர்ஸ் ட்ஸும்ப்ரூன்.

எனக்கு வேலை மொழிபெயர்ப்பு.
அகதி விண்ணப்பக்காரருக்கும் அதிகாரிக்கும் நடுவில்
ஒரு கதிரை, ஒரு தண்ணீர்க் கிளாஸ்.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, அது விதி.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்.'
போன கிழமை எனக்கு இருபத்தாறு வயது,
கடற்தொழில், இடது முழங்காலுக்குள் சன்னம்.
அதற்கு முந்தின கிழமை ஏழு மாதக் கர்ப்பிணி.
மேலே சொல்லமாட்டேன், கையெழுத்து வைத்திருக்கிறேன்.
பேர்னில் இருந்து திரும்பும் ரயிலில்
பரிசோதகர் சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.
அது வசதியாக இருந்தது.

ஏழாவது பாட்டு முடிந்து எட்டாவது தொடங்கமுன்
வெறும் தடத்தில் ஊசி போகிற இடம்.
முப்பத்துமூன்றில் அங்கே 'க்விக்' என்று ஒரு சத்தம் வரும்,
கஜீபன் அதற்குத்தான் ஒவ்வொரு முறையும் உருண்டு சிரிப்பான்.
பதினாறில் அது இரண்டு சொல்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்து,
வெட்ட மறந்துபோன ஒலிநாடாவில்,
ஊர்ஸ் ட்ஸும்ப்ரூன் கேட்கிறார்:
'இன்னொரு தரமா?'

எனக்கு அந்தக் கேள்வி தெரியும்.
இரண்டு மொழியிலும் தெரியும்.

'அம்மா, இது பேய்மாதிரி இருக்குது' என்று
பெடியன் திருகியை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினான்.
பேருந்து கிளம்பியது, மூன்றும் கீச்சிட்டன,
அந்த இடம் வந்ததும் அவன் விழுந்து சிரித்தான்.
நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை,
நல்ல இடத்தில்தான் அந்த 'க்விக்' விழுகிறது.

பிறகு அவன் ஊசியைத் தூக்கிப்
பின்னால் வைத்தான்.