நூற்றில் பதினொன்று

தாளில் எழுதியிருந்தது: நூற்றில் பதினொன்று.
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நர்ஸ் தொட்டுக் காட்டினாள்.
பிளாரன்ஸ் பேனாவை வாங்கவில்லை.
'அந்தப் பதினொண்ணு பேரு ஆராக்கும் டாக்டரே?'
ஷோபனகுமார் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, 'மூணு வாரம் போகட்டு' என்றார்.

கடியபட்டணத்துக்கே கோபம் வந்தது.
பங்குச்சாமியார் எண்ணெய் பூசியாகிவிட்டது,
மருமகன் குளச்சலில் மூன்று பேரிடம்
ரத்தத்துக்குச் சொல்லி வைத்துவிட்டான்.
நாகர்கோவில்வரை கொண்டுவந்து
அறுக்காமல் திருப்பி அனுப்புவது என்ன வைத்தியம்?

அறுக்காத அந்த மூன்று வாரத்தில்
கடைவாய்ப் பல் இரண்டு போயின.
சீழ்ப்பல்லில் இருந்து புது வால்வுக்கு
ரத்தம் ஓடும் தூரம்தான்.
பீடி போனது. நான்கு நாள் வீட்டில் யாரும் அவர் பக்கம் போகவில்லை.
நரம்புவழி இரும்புச்சத்து ஏறி
எட்டே முக்காலில் கிடந்த ஹீமோகுளோபின்
பத்தரையைத் தாண்டியது.
மீன் இருக்கட்டும் என்றோம்.
மரச்சீனிக்குத்தான் சண்டை.

அப்புறம் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா.
குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும்.
முதல் நாள் ஒரு பந்து எழுந்து
யோசித்து
விழுந்தது.

சேசடிமை சிரித்தார்.
முப்பது வருடம் மூச்சைக் கட்டி
நாலு பாகம் ஆழத்தில் பாறை கொத்திச்
சிப்பி அள்ளியவர்.
'கடலுக்குத் தோக்காத மூச்சு, பிள்ளே,
பந்துக்குத் தோத்துப்போச்சே.'

பிள்ளைக்கு முப்பத்தாறு வயது.
தக்கலைக்காரி.
அறுவை அறையில் இதயமும் நுரையீரலும் நிற்கிற நேரத்துக்கு
அவற்றின் வேலையைச் செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறவள்.
பெண் பார்க்க வந்தவர்கள்
'அப்போ நர்ஸா?' என்று கேட்டுவிட்டு
மிக்சரை எடுத்துக்கொண்டார்கள்.

முந்தின இரவு அவர் கேட்டார்:
'நான் எவ்வளவு நேரம் கீழ கிடப்பேன்?'
ஒன்றரை மணிக்கூர், மூச்சே விட வேண்டாம் என்றேன்.
'மேல ஆரு நிப்பா?'
நான்.
'மரத்துல நிக்கிறவன் கண்ணசந்தா…'
முடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் இயந்திரத்தை மேசைக்கு நெருக்கி இழுத்தேன்.
குழாயில் ஒரு முழம் வெட்டினேன்.
குழாய் நீண்டால் அதை நிறைக்கும் உப்புநீர் கூடும்,
உப்புநீர் கூடினால் ரத்தம் வெளிறும்.
மிஞ்சியதையும் அவருடைய ரத்தத்தை விட்டே
மெல்ல வெளியே தள்ளினேன்.
ஆயுள் முழுக்க உப்புநீரில் கிடந்த உடம்புக்கு
இன்று ஒரு கோப்பை கூட அதிகம்.

கத்தி எடுக்குமுன் எல்லோரும் நின்றோம்.
பெயர். வால்வின் அளவு. ஒட்டு இரண்டு. ரத்தம் எத்தனை பை.
'எது தப்பாகலாம்?' என்றார் ஷோபனகுமார்.
போன வாரம் சேர்ந்த லிஜோ தொண்டையைச் செருமினான்.
'கிட்னி சார். பிரஷர் அறுபத்தஞ்சுக்குக் கீழ போனா.'
யாரும் அவனைச் சிறுபிள்ளை என்று பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.

இதயம் நின்றது.
எழுபத்தோராம் நிமிடம்: அறுபத்து மூன்று.
குமிழைத் திருகினேன்.
அறுபத்தெட்டு.
ஒருவருக்கும் தெரியாது.
எண்பத்தெட்டில் இடுக்கியை எடுத்தார்கள்.
அது முதலில் நடுங்கியது, குளித்து ஏறிய ஆள் போல.
பிறகுதான் துடித்தது.

மறுநாள் ஐசியூவில் மூத்திரப் பையைத் தூக்கிப் பிடித்து
அளவைச் சத்தமாகப் படித்தாள் சிஸ்டர் அஜிதா.
அதைவிட நல்ல செய்தி அன்று
மாவட்டத்திலேயே இல்லை.
ஆறாம் நாள் இரண்டு பந்து.
ஏழாம் நாள் மரச்சீனி கேட்டார்.

பிளாரன்ஸ் அந்தக் கேள்வியைப் பிறகு கேட்கவே இல்லை.
ஒருவரை எனக்குத் தெரியும்.
கருங்கலில் தையல்கடை, ஐம்பத்தொன்பது வயது,
வலது பெருவிரலில் ஊசித் தழும்பு.
அன்றைக்கும் மேலே நான்தான் நின்றேன்.
கண்ணசரவில்லை.

குழாயை வெட்டத் தொடங்கியது
அவருக்குப் பிறகுதான்.