முதல் துளை

கார் அவனுடையது.
பெட்டிகள் என்னுடையவை.
வேறெதையும் நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டதில்லை.

வாஷிங்டன் என்று பெயர் அவனுக்கு.
உருகுவேயில் அது அதிசயமில்லை.
எங்கள் தெருவிலேயே மூன்று வாஷிங்டன்கள்,
ஒருவன் கோழி விற்கிறான்.
என்னுடையவன் ஞாயிறுதோறும்
முப்பத்தொன்றாம் வருடத்து ஃபோர்டின் அடியில்
கால் மட்டும் வெளியே தெரியப் படுத்திருப்பான்.
கச்சீலா என்போம் இங்கே, பழைய காரை.
செல்லமாகவும் சொல்லலாம், வசவாகவும்.

காரின் முதுகில் ஓர் இரும்புச் சட்டம்.
அதில் என் பெட்டிகள், பெரிது ஒன்று, சிறிது ஒன்று.
மோன்தெவிதேயோவில் ஞாயிறு சந்தையில்
வாங்கியபோது செம்பொடி உதிர்த்துக்கொண்டிருந்தன.
மடியில் வைத்து வந்தேன்;
வெள்ளைப் பாவாடை அன்றோடு போயிற்று.

தோலுக்குத் தாகம் உண்டு.
அதற்காக ஊற்றிக் கொடுத்துவிடக் கூடாது,
கறுத்துப்போய் மிச்ச ஆயுள் முழுக்க
எண்ணெய்ச் சட்டி போல நாறும்.
பட்டாணியளவு மெழுகு, பழைய பனியன் துணி,
அப்புறம் நிழல், அப்புறம் பொறுமை.
பிளாஸ்டிக்கில் சுற்றாதே. மூடியை இறுக்கிச் சாத்தாதே.
வயிறு ஒட்டாமலிருக்கச் செய்தித்தாள் கசக்கி அடை.
எத்தனை அமைச்சரவைகள் கவிழ்ந்தன என் பெட்டிக்குள்!
கண்காட்சிக்குக் கண்காட்சி திருப்பிக் கட்டு,
இல்லாவிட்டால் வெயில் ஒரு கன்னத்தை மட்டும் தின்றுவிடும்.

மூடியில் பொன்னெழுத்தில் ஈ. எஸ்.
யார் என்று கேட்பார்கள்.
ஒருமுறை ஓபரா பாடகி என்றேன்,
ஒருமுறை பல் மருத்துவர்.
எங்கே பயணம் என்றும் கேட்பார்கள்,
வேடிக்கையாய்த்தான்.
வாஷிங்டன் சிரிப்பான்.
அந்தக் கார் கார்மேலோ தாண்டிப் போனதில்லை.
நானும்தான்.

வார்கள் புதியவை, நான் தைக்கக் கொடுத்தவை.
ஒவ்வொன்றிலும் ஆறு துளை.
காலிப் பெட்டிக்கு மூன்றாம் துளை.
பன்னிரண்டு ஆண்டு அதே இடத்தில் மடிந்து
ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது வாரில்,
நெற்றியில் விழுமே அதுபோல.

போன அக்டோபரில் ஓர் இரவு
செய்தித்தாளையெல்லாம் வெளியே எடுத்தேன்.
இரண்டு கவுன், குளிருக்குக் கம்பளி,
சீப்பு, அடையாள அட்டை,
சம்பளத்தில் மிச்சம் பிடித்தது உறையில்.
திட்டம் எளிது:
கண்காட்சித் திடலுக்கு நேர் எதிரே பேருந்து நிலையம்.
மத்தியானம் மூன்றரைக்கு ஒரு வண்டி.
காரணம் கேட்காதீர்கள்.
அவன் அடித்தவனில்லை, குடித்தவனில்லை.
காரின் அடியிலிருந்து
நீண்டிருந்த அந்த இரண்டு கால்கள்,
அவ்வளவுதான்.

காலையில் பெட்டியைச் சட்டத்தில் ஏற்றியவன் அவன்.
தூக்கினான். ஒரு கணம் நின்றான்.
கீழே வைத்துப் பிடி மாற்றித் தூக்கினான்.
வாரை இழுத்தான், மூன்றாம் துளை எட்டவில்லை.
இரண்டாவதும்.
நுனியிலிருந்த முதல் துளை,
ஊசியே நுழைந்திராத துளை,
அதைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துத் திறந்து மாட்டினான்.
"ஏறிக்கொள், நெலிதா. வெயில் வந்துவிடும்."
வழி முழுக்கப் பேசியது எஞ்சின்தான்.

திடலில் நடுவர் ஒபெர்தான் லெமோஸ்
கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தேயுமாய்ச்
சுற்றி வந்தார். குனிந்தார்.
வார் வழக்கமான மடிப்பில் இல்லை என்றார்.
அரை மதிப்பெண் குறைத்தார்.
திறந்து காட்டலாமா?
நான் வாய் திறக்குமுன் வாஷிங்டன் சொன்னான்:
"சாவி தொலைந்துபோயிற்று, ஐயா."
சாவி என் கழுத்துச் சங்கிலியில்.
அவன் கண்ணுக்கு எதிரே.

மூன்றரைக்கு வண்டி வந்தது.
ஒரு கிழவரும் இரண்டு சைக்கிள்களும் ஏறின.
நான் பித்தளை மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே துடைத்ததை.
ஏன் போகவில்லை என்று இன்றுவரை தெரியாது.
அரை மதிப்பெண்ணில் இரண்டாம் பரிசு.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
கொட்டகையில் விளக்கு எரிந்தது.
காரின் அடியில் அவன் இல்லை.
முக்காலியில் உட்கார்ந்து
என் மெழுகு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு,
என் பனியன் துணியால், பட்டாணியளவே எடுத்து,
அந்த முதல் துளையைச் சுற்றி
மெதுவாக, மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தான்,
அடுத்த முறை
கிழியாமல் இருக்க வேண்டுமே என்பதுபோல.