கிலோ நோட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் கங்காணி எழுதுவார்:
விருமாயி, பதினேழு கிலோ.
விருமாயி, பதினாலு.
பின்பக்கம் என்னுடையது.
அங்கே என் இடது முட்டியை எழுதுகிறேன்.

ஏலச்செடி காயை நெஞ்சுயரத்தில் தொங்கவிடாது.
தூரடியில், மண்ணோடு மண்ணாய்ச்
சரம் விட்டுக் கிடக்கும்.
குத்தவைத்தால்தான் கைக்கு எட்டும்.
இருபத்தோரு வருசம் குத்தவைத்தேன்.
போன ஆடியில் ஈரச் சரிவில்
கூடையோடு வழுக்கியபோது
உள்ளே ஏதோ சடக்கென்றது.
மறுநாள் முட்டி
டீக்கடை பன்னாட்டம் உப்பியிருந்தது.

கட்டப்பனை டாக்டரம்மா
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
ஜவ்வு அறவில்லை, இழுத்திருக்கிறது.
தேய்மானம் வேறு. எடை வேறு.
வலி பத்துக்கு எத்தனை என்றாள். எட்டு என்றேன்.
பிறகு, "எந்தா கழிக்குந்நது?"
அங்கே கழிப்பது என்றால் சாப்பிடுவது.
இத்தனை வருசமாய்க் கேட்ட சொல்தான்,
ஆனாலும் அன்றைக்கு
கழித்தல் கணக்காகவே காதில் விழுந்தது.

சொன்னேன்:
விடியுமுன் கம்பம் ஸ்டாண்டில் ஒரு டீ,
இரண்டு கரண்டி சீனி, வருக்கி.
பத்து மணிக்கு இன்னொரு டீ.
மதியம் தூக்குவாளியில் ரேசன் சோறு, ஊறுகாய்.
இறங்கி வரும்போது வடை.
அடுப்படியில் முட்டி மடங்காத ராத்திரிகளில்
புரோட்டா, சால்னா.

சீனியை, மைதாவை, காய்ந்த எண்ணெயிலேயே
மறுபடி பொரித்ததைக் குறை என்றாள்.
மீன், கீரை, பயறு சேர்.
"தேய்ந்ததை இது வளர்க்காது கேட்டோ.
எரியுற இடத்துல விறகு போடாம இருக்கும்,
அவ்வளவுதான்."
அந்த அவ்வளவுதான் எனக்குப் பிடித்தது.
அதை நம்பித்தான் நோட்டைத் திருப்பினேன்.

செவ்வாய். சீனியில்லா டீ. வலி ஏழு. கோபம் பத்து.
புதன். கொள்ளு அவித்தேன்.
ஜீப்பில் பதினாறு பேர்.
அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.
வெள்ளி. முருங்கைக்கீரை. ஆறு.
சனி. ஒச்சம்மா மகள் சடங்கு. கேசரி, இரண்டு தரம்.
ஞாயிறு எட்டு.
கேசரியா, முந்தின நாள் ஏறின சரிவா,
முட்டி சொல்லவில்லை.
திங்கள். ஏலியம்மா வாழையிலையில் மடித்து
மத்திக்கறி கொடுத்தாள், குடம்புளி போட்டது.
முள்ளோடு மென்றேன்.
வலி எழுத மறந்துபோனது.

ஐப்பசியில் மேட்டு ரோட்டில் மண் சரிந்தது.
பதினொரு நாள் ஜீப் இல்லை, கூலி இல்லை,
கூலி இல்லாததால் மீனும் இல்லை.
கஞ்சி, சின்ன வெங்காயம், வேலியோரத்துக் கீரை.
காலை நீட்டிப் படுத்துக் கிடந்தேன்.
வலி ஐந்து. நாலு. நாலு. மூன்று.
ஒன்பதாம் நாள் இரண்டு.
இரண்டு என்று எழுதிவிட்டு
யாரிடமோ திருடினவள்போல் நோட்டை மூடினேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நிதானமாய்ப் படித்தாள்.
கொள்ளுக்குச் சிரித்தாள்.
அப்புறம் நான் கேட்காமலே
நோட்டை முன்பக்கம் திருப்பினாள்.
பதினேழு கிலோ எடுத்த நாள், எட்டு.
பதினொன்று எடுத்த நாள், ஐந்து.
பேனாவால் இங்கிருந்து அங்கே
ஒரு கோடு போட்டாள், இன்னொரு கோடு.
"பதினொண்ணோட நிறுத்த ஒக்குமோ?"
"நிறுத்தலாம்மா. அப்புறம் மத்தி வாங்க முடியாது."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
மருந்துச்சீட்டில் ஏதோ எழுத ஆரம்பித்து
அடித்துவிட்டாள்.

நேற்று ஸ்டாண்டில் டீக்காரர்
பழக்கத்தில் சீனிக் கரண்டியைத் தூக்கினார்.
கிளாசின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
ஆவி சுட்டது. எடுக்கவில்லை.
டீ இப்போது டீயாகவே ருசிக்கிறது,
நான் பறிக்கிற காயின் வாசம் மட்டும்
ஒருநாளும் அதில் இருந்ததில்லை.
ஜீப்பில் காலை நீட்ட இடம் கேட்டேன்.
ஒச்சம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பதிமூணு கிலோ. அகத்திக்கீரை.
வலி ஐந்து.