திங்கட்கிழமைப் பந்து

புது கேப்டன் அடிக்கும் முதல் பந்தை
எவன் எடுத்துவந்து கையில் கொடுக்கிறானோ
அவனுக்கு ஐநூறு ரூபாய்.
வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பவுன் என்பார்கள்.
பார்த்தவன் யாரும் உயிரோடு இல்லை.

குமுளிக்கு மேலே தேயிலைக்கு நடுவில்
வழித்துவிட்டது போல் ஒன்பது குழி மைதானம்,
எங்களுடையது.
எங்களுடையது என்றால் திங்கட்கிழமை மட்டும்.
மற்ற நாளெல்லாம் பை தூக்குகிறோம்.
கேடி என்று கூப்பிடுவார்கள்;
கம்பத்தில் போய்ச் சொன்னால்
எந்த ஸ்டேஷன் என்று கேட்பான்.

பலகையில் தங்க எழுத்தில் அறுபத்திரண்டு பெயர்.
அறுபத்து மூன்றாவது டாக்டர் சாராம்மா ஈப்பன்,
எஸ்டேட் ஆஸ்பத்திரி.
பெயிண்டர் வந்து எழுதிவிட்டுப் போன அன்று
பாருக்குள் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லையாம்.

போன வருஷம் குஞ்ஞிராமன் சாருக்கு
எல்லாரும் வலப்பக்கம், பதினேழாம் நம்பர் தேயிலைக்குள்,
இடுப்பளவு நனைந்து நின்றோம்.
அவர் பந்துக்கு வேறு திசை தெரியாது.
இந்த வருஷம் பத்துப் பேரும்
நூற்றி இருபது கஜக் கல்லருகே.
சகாயம் குத்தவைத்து உட்கார்ந்தே விட்டான்,
பீடி வேறு.
பொம்பளை அடி, இதுவே ஜாஸ்தி என்றான்.

மூன்று வருஷமாக அந்தப் பையைத் தூக்குகிறவன் நான்.
ஓ.பி. முடித்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு,
ஒரு துணையும் இல்லாமல்
அந்தம்மா ஏழு பந்து அடிக்கும்.
ஏழும் எங்கே கிடக்கும் என்று
என் காலுக்குத் தெரியும்.
சகாயம் என் சொந்த மச்சான்.
அவனிடமும் சொல்லவில்லை.
மச்சான் வேறு, ஐநூறு வேறு.

இரட்டை சில்வர் ஓக்கைத் தாண்டிப் போய் நின்றேன்.
யானைக்குக் காவலாடா என்று கத்தினார்கள்.

பாக்டரி சங்கு ஊதியது.
தரகன் சார் கையை இறக்கினார்.
சத்தம் பிந்தித்தான் வந்தது, முதலில்
பத்துத் தலையும் ஒன்றாய் அண்ணாந்ததைப் பார்த்தேன்.

என் செருப்புக்கு முன்னால் வந்து நின்றது பந்து.
மருந்துச் சீட்டில் வைக்கிற அதே சிவப்பு மையில்
ஒரு புள்ளி.
பாக்கெட்டில், ஓடையில் பொறுக்கிய
பழைய பந்து ஒன்று இருந்தது.
ஏன் மாற்றினேன் என்று கேட்காதீர்கள்,
கை மாற்றியது.

வாங்கி, ஒரு தரம் உருட்டிப் பார்த்தார்.
புள்ளி இல்லை.
குடியை விட்டாச்சு டாக்டர் என்று நான் சொன்னபோது
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த
அதே பார்வை.
நோட்டைக் கொடுத்தார்.

அப்புறம் வழக்கம்போல.
மூன்றாம் குழியில் கேப்டனைத் தோற்கடித்தால் ஒரு குப்பி,
ஐந்தாம் குழியில் கப்பையும் மீன்கறியும்,
மழை வந்து அரைமணி நேரம் போனது,
பார் கணக்கு முழுக்க கேப்டன் தலையில்.
ராத்திரி சமையல்கட்டுக்குப் பின்னால்
எங்களுக்குப் பொரோட்டாவும் பீஃப் வறுவலும்.
ஜன்னல் வழியாக அந்தம்மா பேசுவது கேட்டது.
"என்டெ ஆத்யத்தெ பந்து
இதுவரெ கிட்டியிட்டில்ல."
உள்ளே ஒரே சிரிப்பு, கைதட்டல்.
எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.
பிய்த்த பொரோட்டாவை இலையிலேயே வைத்தேன்.

திங்கட்கிழமை.
சந்தனராஜிடம் மட்டை இரவல் வாங்கி
அதே மேட்டில் அந்தப் பந்தை வைத்தேன்.
சங்கு இல்லை, கையை இறக்க ஆள் இல்லை,
பனி மட்டும் ஓக்கு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
மூன்று வருஷம் பார்த்த மாதிரியே
தோளைத் திருப்பி, மூச்சைப் பிடித்து
அடித்தேன்.

மரம் வரைக்கும் தேடிப் போனேன். இல்லை.
திரும்பி வரும்போது கிடைத்தது,
நூற்றி இருபது கஜக் கல்லருகே.
சிவப்புப் புள்ளி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.
பக்கத்தில், நனைந்து ஊறிப்போய்,
சகாயம் போட்ட பீடித் துண்டு.